“அறுபது கிரெடிட்டும் அப்படியே போய்விடும்” – போகுமா?

கேள்வி, 2025 செப்டம்பர் 5

நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகள் பள்ளி முடித்து இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். இரண்டு ஆண்டுகளில் பொதுக் கல்விப் பாடங்களை எல்லாம் அங்கேயே முடித்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது திட்டம். ஆங்கிலம், கணிதம், வரலாறு எல்லாம் எங்கே படித்தாலும் ஒன்றுதானே? அங்கே சேரும் அறுபது கிரெடிட்டும் (பாடங்களின் எடையைக் குறிக்கும் அலகு) அப்படியே பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

செப்டம்பர் 6

யோசிக்க நிறைய இருக்கிறது. அறுபதும் போகும், ஆனால் போய் எங்கே உட்காரும் என்பதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கல்லூரி மாறும்போது இரண்டு முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பெரும்பாலும் அவற்றை எடுப்பவர்களும் வேறு வேறு ஆட்கள். முதல் முடிவு பதிவாளர் அலுவலகத்தில்: இந்த மாணவியின் எத்தனை கிரெடிட்டை ஏற்கிறோம்? இரண்டாவது முடிவு துறையில்: ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு பாடமும் பட்டத்தின் எந்தத் தேவையை நிறைவு செய்கிறது? சேர்க்கைக் கடிதத்தோடு வருவது முதல் முடிவு மட்டும். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் இனிப்பு வாங்குகிறோம். இரண்டாவது முடிவு சில வாரம் கழித்து, பட்டத் தேவைப் பட்டியலைக் கணினியில் திறந்து பார்க்கும்போதுதான் தெரிகிறது.

நான் எச்-4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கானது) வந்து கலிஃபோர்னியாவில் ஒரு சமுதாயக் கல்லூரியில் படித்தேன். பிறகு கணவரின் வேலை டெக்சஸுக்கு மாறியது, அங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ஏறக்குறைய எல்லாக் கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டதாகவே கடிதம் வந்தது. பட்டத் தேவைப் பட்டியலைத் திறந்தால், பாதிக்கு மேல் “விருப்பப் பாடம்” என்ற தலைப்பின் கீழ் குவிந்து கிடந்தது. என் துறைக்கு அத்தனை விருப்பப் பாடங்கள் தேவையே இல்லை. ஏற்கப்பட்டவை, ஆனால் எதற்கும் பயன்படாதவை.

ஆகவே எந்தக் கல்லூரியிடமும் “கிரெடிட்டை ஏற்பீர்களா” என்று கேட்காதீர்கள். “இந்தப் பாடம் உங்கள் பட்டத்தில் எந்தத் தேவைக்குக் கணக்காகும்” என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

செப்டம்பர் 6, இரவு

இது ஏதோ ஒருவருக்கு நேர்ந்த தனிக்கதை என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2017-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீதக் கிரெடிட்டை இழந்தார்கள் என்பது அதன் மதிப்பீடு. அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்களின் இழப்பு 37 சதவீதம். லாப நோக்குள்ள தனியார் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்களின் இழப்பு 94 சதவீதம். இவை 2004 முதல் 2009 வரை மாறியவர்களின் கணக்கு. அதன்பின் பல மாநிலங்கள் விதிகளைச் சீர்செய்திருக்கின்றன. உங்கள் மாநிலமும் அவற்றில் ஒன்று, அதனால் அந்த எண்களை உங்கள் மகளின் தலையில் ஏற்றிப் பார்க்க வேண்டாம். ஆனால் கடைசி எண்ணை மட்டும், விளம்பரத்தைப் பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுக்கும் யாரும் மறக்கக் கூடாது.

செப்டம்பர் 9

கலிஃபோர்னியாவுக்கான பதில். தனித்தனிப் பாடங்களாக மாற்றுவதைவிட, பொதுக் கல்விப் பாடங்களை முழுத் தொகுப்பாக முடித்து மாற்றுவது பல மடங்கு பாதுகாப்பானது. அங்கே முன்பு இரண்டு தொகுப்புகள் இருந்தன. ஒன்று ஐஜெட்சி, யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் செல்வது. மற்றொன்று கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மட்டுமானது. 2025 இலையுதிர் பருவத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இரண்டுக்கும் பதிலாக ஒரே தொகுப்புதான்: கால்-ஜெட்சி, 34 செமஸ்டர் யூனிட் (கிரெடிட்டை அங்கே யூனிட் என்பார்கள்). யூசி வளாகங்களுக்கும் மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களுக்கும் இதுவே செல்லும். உங்கள் மகள் இந்தப் புதிய விதியின் முதல் அணியில் வருகிறாள். மூத்த மாணவர்கள் தரும் பழைய பாடப் பட்டியல்களை வாங்கி வைத்துக்கொண்டு அதன்படி போக வேண்டாம்.

ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது சி வாங்க வேண்டும். சி மைனஸ் போதாது. தொகுப்பை முடித்ததற்கான சான்றைக் கடைசியாகப் படித்த சமுதாயக் கல்லூரியிடம் கேட்டு வாங்குங்கள். மதிப்பெண் பட்டியலோடு அதுவும் தானாகப் போய்விடும் என்று இருந்துவிடாதீர்கள். சான்று இல்லாவிட்டால் பல்கலைக்கழகம் ஒவ்வொரு பாடமாக எடுத்துத் தன் சொந்தப் பட்டியலோடு ஒப்பிடத் தொடங்கும்.

எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் என்ற இணையதளத்தில் பார்க்கலாம். கலிஃபோர்னியாவின் அரசுக் கல்லூரிகளுக்கிடையே அதிகாரபூர்வ ஏடு அதுதான். பக்கத்து வீட்டார் சொல்வதும் இதுவும் முரண்பட்டால் இதை நம்புங்கள்.

செப்டம்பர் 14

ஃபுளோரிடாவிலிருந்து ஒருவர், டெக்சஸிலிருந்து இருவர் கேட்டிருக்கிறார்கள்.

ஃபுளோரிடாவில் பொதுக் கல்வி 36 செமஸ்டர் கிரெடிட். மாநிலத்தின் ஓர் அரசுக் கல்லூரியில் அதை முழுமையாக முடித்துவிட்டால், இன்னோர் அரசுக் கல்லூரி மேற்கொண்டு பொதுக் கல்விப் பாடம் கேட்க முடியாது. ஏ.ஏ. என்ற இரண்டாண்டுப் பட்டத்தை முடித்தவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் உறுதி. ஒன்றில் என்றுதான் உறுதி. நீங்கள் விரும்பும் அதே பல்கலைக்கழகத்தில், அதே துறையில் என்றில்லை. இடம் குறைவான துறைகளுக்குத் தனிப் போட்டி உண்டு.

டெக்சஸில் அடிப்படைத் தொகுப்பு 42 கிரெடிட். அரசுக் கல்லூரி ஒன்றில் முழுதாக முடித்துவிட்டால் அது ஒரே கட்டாக இன்னோர் அரசுக் கல்லூரிக்குப் போகும். 39 முடித்துவிட்டு ஒரு பாடத்தை மிச்சம் வைத்து மாறினால், முடித்த பாடங்களுக்குத் தொகுப்பில் கிரெடிட் உண்டு, ஆனால் புதிய கல்லூரி தன் தொகுப்பில் மேற்கொண்டு பாடம் கேட்கலாம். மாறுவதற்கு முந்தைய கோடையில் அந்த ஒரு பாடத்தையும் முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

தனியார் பல்கலைக்கழகங்களை இந்த மாநில விதிகள் கட்டுப்படுத்துவதில்லை. அவை தாமாக ஒப்பந்தம் செய்திருந்தால்தான் உண்டு.

செப்டம்பர் 15

பாட எண்ணையே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டெக்சஸின் பொது எண் முறையில் இரண்டாம் இலக்கம் கிரெடிட்டைக் காட்டும்: ஹிஸ்டரி 1301 என்றால் மூன்று கிரெடிட். ஃபுளோரிடாவில் முன்னெழுத்துகளும் கடைசி மூன்று இலக்கங்களும் ஒன்றாக இருந்தால் இரண்டு கல்லூரிகளிலும் அது ஒரே பாடம். முதல் இலக்கம் மட்டும் மாறலாம்.

செப்டம்பர் 21

“மாநில எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும்” என்று கேட்டவருக்கு. இதைப் பற்றித்தான் எனக்கு எழுத ஆசை.

தொகுப்பு என்ற பாதுகாப்பு மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. கலிஃபோர்னியாவின் சான்று டெக்சஸைக் கட்டுப்படுத்தாது. அங்கே உங்கள் பாடங்கள் உதிரிகளாகவே போய்ச் சேரும். என் விஷயத்தில் அதற்கு மேல் இன்னும் இரண்டு சிக்கல்கள் வந்தன.

முதலாவது குவார்ட்டர் கணக்கு. நான் படித்த கல்லூரி ஆண்டை மூன்று குவார்ட்டர்களாகப் பிரிப்பது. டெக்சஸில் செமஸ்டர். ஒரு குவார்ட்டர் யூனிட் என்பது செமஸ்டர் கிரெடிட்டில் மூன்றில் இரண்டு பங்கு. ஐந்து யூனிட் பாடம் 3.33 ஆகிறது, கவலை இல்லை. நான்கு யூனிட் பாடம் 2.67 ஆகிறது. புதிய இடத்தில் கேட்பது 3. அந்த 0.33-ஐ எப்படி நிரப்புவது என்பதற்குக் கல்லூரிக்குக் கல்லூரி பதில் வேறு. சிலர் பாடத்தின் உள்ளடக்கம் சரியாக இருந்தால் கண்டுகொள்வதில்லை. சிலர் அதே பிரிவில் வேறு பாடத்தின் மிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வார்கள். சிலர் விடவே மாட்டார்கள்.

கணக்கைவிட மோசமானது பாடம் வெட்டப்பட்டிருக்கும் இடம். எங்கள் கல்லூரியில் அமெரிக்க வரலாறு மூன்று பாகம். டெக்சஸில் இரண்டே பாகம், முதல் பாகம் 1877-ஓடு முடிகிறது. நான் முதல் இரண்டு பாகங்களைப் படித்திருந்தேன். என் இரண்டாம் பாகம் அந்த 1877-க்கு முன்னும் பின்னுமாகக் கால் பரப்பி நின்றது. விளைவு, ஒரு பாடத்துக்கு ஈடு கிடைத்தது, மிஞ்சியது விருப்பப் பாடத்தில் விழுந்தது. தொடர்ச்சியாக வரும் பாடங்களை நடுவில் விட்டுவிட்டு மாறாதீர்கள். வரலாற்றுக்கும் இது பொருந்தும், கால்குலஸ், இயற்பியல், வேதியியலுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இரண்டாவது, மாநிலச் சட்டமே கேட்கும் பாடங்கள். டெக்சஸ் அரசுக் கல்லூரியில் பட்டம் பெற அரசியலில் ஆறு கிரெடிட் வேண்டும். அதில் அமெரிக்க அரசியல் சாசனமும் டெக்சஸ் சாசனமும் அடங்க வேண்டும். வேறு எந்த மாநிலத்திலும் டெக்சஸ் சாசனத்தைக் கற்பிக்க மாட்டார்கள். எனவே வெளியிலிருந்து எத்தனை கிரெடிட்டோடு வந்தாலும் கவர்ன்மென்ட் 2306 என்ற அந்தப் பாடம் காத்திருக்கும். ஜார்ஜியா, நெவாடா போன்ற மாநிலங்களிலும் தத்தம் சாசனத்துக்கு இத்தகைய தேவை உண்டு. கணவன் அல்லது மனைவியின் வேலை ஊர் ஊராக மாறும் குடும்பங்கள் நம்மில் அதிகம். மாநிலம் மாறுவோம் என்ற வாடை அடித்தாலே, அரசியல் பாடத்தைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல், உளவியல், பொருளாதாரம் ஆகியவற்றை முன்னால் முடியுங்கள். அவை எங்கும் ஏறக்குறைய ஒரே வடிவில் இருப்பவை.

அக்டோபர் 2

“மறுத்துவிட்டால் அவ்வளவுதானா?” இல்லை. மறுப்பு என்பது பெரும்பாலும் யாரோ ஒருவர் பாடத்தின் பெயரையும் இரண்டு வரி விளக்கத்தையும் பார்த்து எடுத்த முடிவு. முறையீடு செய்தால் துறையில் ஒரு பேராசிரியர் உட்கார்ந்து சிலபஸைப் படிப்பார்.

எனக்கு இரண்டாம் ஆங்கிலப் பாடத்தை ஏற்க மறுத்தார்கள். கலிஃபோர்னியாவில் அது விமர்சனச் சிந்தனையும் எழுத்தும் என்று அமைந்திருந்தது. இவர்கள் எதிர்பார்த்தது ஆய்வுக் கட்டுரை எழுதும் பயிற்சி. பழைய சிலபஸ் என்னிடம் இருந்தது. வாரவாரியான பாடத் தலைப்புகள், பாடநூல்கள், மாணவர் எழுத வேண்டிய மொத்தச் சொற்களின் அளவு, மேற்கோள் காட்டும் முறைக்கான மதிப்பெண் எல்லாம் அதில் இருந்தன. மதிப்பெண்ணோடு திரும்பி வந்த என் ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் இணைத்து, ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். புலம்பல் எதுவும் இல்லை. அவர்களுடைய பாட விளக்கத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே என் சிலபஸின் எந்த வாரம் ஈடாகிறது என்று மட்டும் குறித்தேன். ஏற்றுக்கொண்டார்கள். பொதுப் பேச்சுப் பாடத்துக்கும் அதையே செய்தேன், அதுவும் வந்தது. வரலாறு வரவில்லை.

வகுப்பு முடிந்த அன்றே சிலபஸைச் சேமித்து வையுங்கள். ஆசிரியர் அதைக் கல்லூரியின் இணைய வகுப்பறையில்தான் போட்டிருப்பார். பருவம் முடிந்த சில மாதங்களில் அந்தக் கதவு மூடப்பட்டுவிடலாம். பகுதிநேர ஆசிரியர்கள் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஐந்து ஆண்டு கழித்து யாரிடம் போய்க் கேட்பது? நீங்கள் படித்த ஆண்டின் கல்லூரிக் கையேட்டையும் எடுத்து வையுங்கள்.

அக்டோபர் 3

நேற்றையதில் விட்டுப்போனது. ஆலோசகர் வாயால் சொன்னதை ஆதாரமாக யாரும் ஏற்பதில்லை. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் முடிவு அவர் கையில் இல்லை. சந்திப்பு முடிந்ததும், “இன்று நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இப்படி, சரிதானா” என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். அவருடைய பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

அக்டோபர் 11

ஏபி தேர்வு (பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வு) பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். முதல் கல்லூரி ஏபி மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் கொடுத்து, அது மதிப்பெண் பட்டியலில் ஏறியிருந்தாலும், இரண்டாவது கல்லூரி பொதுவாக அதைப் பொருட்படுத்தாது. தன் விதிப்படி மறுபடியும் மதிப்பிடும். தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து நேரடியாக மதிப்பெண்ணை மீண்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு கல்லூரியில் 3-க்குக் கிடைத்த கிரெடிட்டுக்கு இன்னொரு கல்லூரியில் 4 அல்லது 5 தேவைப்படலாம்.

இன்னொன்று. கிரெடிட் மாறும், மதிப்பெண் சராசரி பெரும்பாலும் மாறாது. புதிய கல்லூரியில் சராசரி புதிதாகத் தொடங்கும். பழைய சி-க்கள் மறைந்துவிட்டன என்று சிலர் மகிழ்ச்சி அடைகிறார்கள். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண்ணும் ஒன்றாகக் கூட்டப்படும். எதுவும் மறைவதில்லை.

அக்டோபர் 19

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு வந்த பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். நானும் அப்படித்தான் வந்தேன், ஆகையால் கொஞ்சம் விரிவாக.

முதலில் வெளிநாட்டுப் படிப்பை எடைபோடும் டபிள்யூஇஎஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனம் மூலம் பாடவாரியான மதிப்பீடு வாங்குங்கள். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று கல்லூரியைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மொத்தப் படிப்பு எதற்குச் சமம் என்று மட்டும் சொல்லும் மலிவான அறிக்கை கிரெடிட் மாற்றத்துக்கு உதவாது.

நம் மதிப்பெண் பட்டியலில் பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம் என்று இருக்கும். பகுதி 2 இங்கே முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடத்துக்கு ஈடாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நமது ஆங்கிலத் தாள் செய்யுள், உரைநடை, இலக்கணம் என்று போகும், இங்கே கேட்பது கட்டுரை எழுதும் பயிற்சி. அந்தப் பாடத்தை இங்கே படிப்பதே நல்லது. எனக்கு அமெரிக்க வகுப்பறையின் எழுத்து முறை பிடிபட்டதே அந்த வகுப்பில்தான். ஆனால் பகுதி 1 தமிழைக் கைவிட்டுவிடாதீர்கள். செய்யுள், இலக்கிய வரலாறு, இலக்கணம் என்று நான்கு பருவம் படித்திருக்கிறோம். அதை இலக்கியம், கலை அடங்கிய ஹியூமானிட்டீஸ் பிரிவிலோ மொழித் தேவையிலோ சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மதிப்பீட்டாளருக்குத் தமிழ் இலக்கியத்தின் ஆழம் தெரிய நியாயமில்லை. பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, எந்த நூற்றாண்டு நூல்கள், எத்தனை மணி நேரம் என்று எடுத்துக்காட்டுங்கள். கேட்காமல் விட்டால் ஒரு மூலையில் விருப்பப் பாடமாகத் தூசி படியும். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தைப் படித்த உழைப்பு அது. அதற்குரிய இடத்தைக் கேட்டு வாங்குவதில் கூச்சம் எதற்கு?

அக்டோபர் 20

மேலே உள்ளதோடு சேர்த்துப் படிக்க: பழைய ஐஜெட்சி விதியின்கீழ் இருப்பவர்களுக்கு, ஆறாம் வகுப்பிலோ அதற்கு மேலோ தமிழ்வழியில் இரண்டு ஆண்டுகள் பள்ளிப் படிப்பு இருந்தால் யூசி கேட்கும் மொழித் தேவை நிறைவேறிவிடும். பள்ளிச் சான்றிதழைத் தேடி எடுங்கள். புதிய கால்-ஜெட்சியில் மொழிப் பகுதி இல்லை. தனி வளாகங்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 1

பணம். கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெறுகிறவர்கள், பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் 150 சதவீதத்துக்குள் முடிக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 180. புதிய கல்லூரி உங்கள் திட்டத்துக்கு ஏற்றுக்கொண்ட கிரெடிட்டும் அந்தக் கணக்கில் சேரும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகைக்கு வாழ்நாள் வரம்பு பன்னிரண்டு செமஸ்டருக்குச் சமம். பயன்படாத பாடங்களில் கரைந்த செமஸ்டர் திரும்ப வராது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு வரம்பு உண்டு. எவ்வளவு கொண்டுவந்தாலும் ஒரு பகுதியைப் பட்டம் தரும் கல்லூரியிலேயே படித்தாக வேண்டும். தென் மாநிலங்களின் அங்கீகார அமைப்பு அதைக் குறைந்தது 25 சதவீதம் என்று வைத்திருக்கிறது. சமுதாயக் கல்லூரியில் தொண்ணூறு கிரெடிட் வரை சேர்த்துவிட்டால் லாபம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் பார்க்கவும். மூன்றாம், நான்காம் ஆண்டு நிலைப் பாடங்களுக்குத் தனி எண்ணிக்கை தேவைப்படும், அவற்றைச் சமுதாயக் கல்லூரியில் பொதுவாகப் படிக்க முடியாது.

நவம்பர் 8

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. செவிஸ் என்ற அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவை மாற்றுவதும் கிரெடிட்டை மாற்றுவதும் தொடர்பில்லாத இரண்டு வேலைகள். ஒன்று முடிந்ததால் மற்றதும் முடிந்தது என்று ஆகாது.

நவம்பர் 22

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மகளுக்குக் கணினிப் பொறியியல் வேண்டுமாம். இதை முதலிலேயே கேட்டிருந்தால் செப்டம்பர் 9 குறிப்பை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

பொறியியலுக்குப் பொதுக் கல்வித் தொகுப்பை முழுதாக முடிப்பது முதல் வேலை அல்ல. கால்குலஸ் வரிசை, இயற்பியல் வரிசை, நிரலாக்கம், இவை இல்லாமல் மூன்றாம் ஆண்டில் இடமே கிடைக்காது. யூசி வளாகங்களே இத்தகைய துறைகளுக்குத் தொகுப்பைவிடத் துறை முன்தயாரிப்பை முதலில் வைக்கச் சொல்கின்றன. 34 யூனிட் பொதுப் பாடத்தையும் முடித்துவிட்டு, இயற்பியலில் ஒரு பாகம் மட்டும் படித்த மாணவி நான்காண்டில் வெளியே வர முடியாது. அசிஸ்ட் தளத்தில் அவள் விரும்பும் ஒவ்வொரு வளாகத்துக்கும் துறைக்கும் உள்ள பட்டியலைத் தனித்தனியாக எடுங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களை முதலில் முடிக்கட்டும். ஆங்கிலம் இரண்டும் உடனே வேண்டும். மற்றப் பொதுப் பாடங்களை அறிவியல் பாடங்களுக்கு இடையில் பருவத்துக்கு ஒன்றாகச் செருகலாம்.

யூசியின் ஆறு வளாகங்களில் உறுதிச் சேர்க்கைத் திட்டம் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை. ஆறிலும்கூடச் சில துறைகள் விலக்கு. விண்ணப்பம் செப்டம்பரில். அடுத்த ஆண்டு அந்த மாதத்தை விட்டுவிடாதீர்கள்.

டிசம்பர் 7

“மறுத்த பாடத்துக்காகப் போராடுவதா, பேசாமல் மறுபடி படித்துவிடுவதா?” முறையீட்டுக்குச் செலவு ஒரு கடிதம், சில வாரக் காத்திருப்பு. அதைச் செய்யாமல் மறுபடி படிக்காதீர்கள். ஆனால் துறையின் அடுத்த பாடம் அதன்மேல் கட்டப்பட்டிருந்து, உங்களுக்கே அடித்தளம் நடுங்குகிறது என்றால், மறுபடி படியுங்கள். பழைய உடற்கூறியல் கிரெடிட்டைச் செவிலியர் படிப்புகள் சில ஆண்டுகளுக்குமேல் ஏற்காததற்கும் காரணம் இதுதான். என் வரலாற்றுப் பாகத்தைக் கோடையில் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியில் முடித்தேன். அதற்கும் முன்கூட்டியே பல்கலைக்கழகத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்கினேன்.

2026 ஜனவரி 10

மதிப்பெண் பட்டியலை எப்போது அனுப்புவது என்ற கேள்விக்கு: இரண்டு முறை. விண்ணப்பத்தின்போது கேட்டால் ஒரு முறை. கடைசிப் பருவத்தின் மதிப்பெண் ஏறியபின் இன்னொரு முறை. அவசரப்பட்டு முன்னதாக அனுப்பினால், படித்துக்கொண்டிருக்கும் பாடங்கள் மதிப்பெண் இல்லாமல் போய்ச் சேரும், அவற்றுக்குக் கிரெடிட் ஏறாது. அனுப்பக் கோரும் படிவத்தில் “மதிப்பெண் ஏறும்வரை காத்திரு” என்ற தெரிவு பல கல்லூரிகளில் உண்டு, அதைக் குறியுங்கள். தொகுப்புச் சான்றையும் அதே சமயத்தில் கேளுங்கள். படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பட்டியல் போக வேண்டும், ஒரே ஒரு கோடைப் பாடம் படித்த இடத்திலிருந்தும்கூட.